புதிர் நெல்லுக்கு ஒன்பது கடிதங்கள்

நான் எழுதியது எதுவும் உண்மையில்லை என்று சாட்சி சொல்வதற்காக ஒரு தை மாதம் கடல் கடந்து போனேன். கூப்பிட்டவள் சரசு. என் பெரியப்பா மகனின் மகள். அதுவரை நான் முகம் பார்த்திராத பெண். நாலைந்து வரிதான் எழுதியிருந்தாள்: "சித்தப்பா, நீங்கள் அப்பாவுக்குப் போட்ட கடிதங்களைக் கந்தோரிலை எடுத்து வைச்சிருக்கினம். பூசத்துக்கு முதல்நாள் விசாரணை. அதிலை கிடக்கிறது ஒண்டும் மெய்யில்லை எண்டு நீங்கள் நேரிலை வந்து சொல்ல வேணும். இல்லாட்டி எங்களை அங்கை அனுப்பிப்போடுவினம்."

கந்தோர் என்றால் அங்கே அரசாங்க அலுவலகம். அவள் 'அங்கை' என்று எழுதியது நான் இருக்கும் நாட்டை.

யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை போட்ட காலத்தில் மண் வெட்டி அணை கட்ட இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆள் கூட்டிப் போனார்கள். என் தாத்தா போனார், இரண்டு பையன்களோடு. பாதை முடிந்ததும் இளையவரான என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். மூத்தவர், என் பெரியப்பா, ரயில் கேட் காவலராக அங்கேயே நின்றுவிட்டார். அவர் மகன், சரசுவின் அப்பா பெருமாள், அங்கேயே பிறந்து, அங்கேயே அடுத்தவர் வயலை வாரத்துக்குச் செய்து, அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் இப்போது அவர் அந்த நாட்டுக்காரர் என்பதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். முடியாதவர்களை இந்தியாவுக்கு ஏற்றிவிடுவதாக இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்துவிட்டன. ஊருக்கு விளாத்தியடி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

என் கடிதங்களின் கதை இது. தைப்பூசத்தன்று வயலில் முதல் கதிரை அறுத்துவந்து வீட்டில் பொங்குவதை அந்தப் பக்கத்தில் 'புதிர்' என்கிறார்கள். பெரியப்பா அதில் ஒரு வழக்கத்தைச் சேர்த்திருந்தார். புதிர் நெல்லில் முதல் கைப்பிடி இங்கே எங்கள் ஊரிலிருக்கும் அய்யனாருக்கு. மஞ்சள் துணியில் முடிந்து, கப்பலேறும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். கை மாறிக் கை மாறி மாசியில் வந்து சேரும். அம்மா இருந்தவரை அதை மடியில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அம்மா போன பிறகு முடிச்சு மதுரைக்கு, என் வீட்டுக்கு வந்தது. நான் பதில் எழுதினேன். ஒன்பது வருஷம், ஒன்பது கடிதங்கள்.

பத்திரிகைகளில் வசனகவிதை எழுதுகிறவன் நான். பேனா தரையில் நிற்காது. "நெல்லைக் காலடியில் வைத்தேன், அண்ணா. மண் குதிரைகள் மூக்கை விரித்தன. நீ அங்கே இரவல் மண்ணில் நிற்கிறாய். உன் பங்கு நிலம் இங்கே உன் காலடிச் சத்தத்துக்காகக் காது வைத்துக் கிடக்கிறது." இப்படி.

நான் கோயிலுக்குப் போனதே இல்லை. முடிச்சைப் புத்தக அலமாரியின் மேல் தட்டில் வைப்பேன். எலி தின்றுவிடும். சரசு என்னை ஒரு பொய் சொல்லக் கூப்பிட்டிருந்தாள். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியாது.

இராமேசுவரத்தில் வானம் கழுவாத பாத்திரம்போல இருந்தது. கப்பல் கிளம்பியபோது ஒரு கிழவர் தெற்கே கையைக் காட்டி, தனுஷ்கோடி இருந்த திக்கைப் பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். புயல் கொண்டுபோன ஊர். நானும் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

தலைமன்னாரில் நாங்கள் இறங்கும் கப்பலில் ஏறுவதற்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். தகரப் பெட்டிகள், சாக்கில் சுற்றிய அம்மிக்கல், கயிற்றால் கட்டிய சாமி படம். பிறந்த நாட்டிலிருந்து 'திரும்பிப்' போகிறவர்கள். ஒரு பெண் என் வேட்டியைப் பார்த்து இந்தியாக்காரன் என்று கண்டுகொண்டு கேட்டாள்: "அங்கிட்டு மழை தண்ணி இருக்குதுங்களா, ஐயா?"

"இருக்கும்மா" என்றேன். எங்கள் ஜில்லாவில் அது வறட்சியின் மூன்றாவது வருஷம்.

மதவாச்சியில் வண்டி மாற வேண்டும். வடக்கே போகும் வண்டி நாலு மணி நேரம் தாமதம். நடைமேடையில் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய வடையில் முழு இறால் ஒன்று பதிந்திருந்தது. எங்கள் ஊர் வடையில் மிளகுக்கு மேல் எதுவும் எதிர்பார்க்க முடியாது. இரண்டு தின்றேன். மூன்றாவதை வாங்கும்போதுதான் நான் எதற்காகப் போகிறேன் என்பது நினைவுக்கு வந்து கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

விளாத்தியடியில் வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்குமாம். அவசரத்தில் நடைமேடை இல்லாத பக்கம் குதித்துவிட்டேன். முழங்கால் வரை சேறு. என் குடை வண்டியோடு போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் நிதானமாகத் தண்டவாளத்தைக் கடந்து வந்து கை கொடுத்தார். "குடை காங்கேசன்துறையைப் பார்த்திட்டு மெல்ல ஆறுதலா வரும். நீங்கள் பெருமாளண்ணையின்ரை தம்பிதானே? கடிதம் எழுதுறவர்?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தாளுக்கு வாசிக்கத் தெரியாது. மகள் படிச்சவள் எண்டாலும், வருசா வருசம் நான்தான் முதல்லை வாசிச்சுக் காட்டுறனான். ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லும். கேட்டுப்போட்டு வயலுக்கு ஒரு ராசா மாதிரிப் போகும்."

ஊர் என்பது ஸ்டேஷனும் அதன் எதிரே ஒற்றைத் தெருவும். நெல் ஆலை, உரக்கடை, இரண்டு தேநீர்க் கடை, சைக்கிள் கடை. தெருவின் இரண்டு முனையிலும் வயல் தொடங்கிவிடுகிறது. தேநீர்க் கடையில் பனங்கட்டி என்கிற கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பாலில்லாத வெறும் சாயத்தை உறிஞ்ச வேண்டும். காப்பிக்காரனான எனக்கு அது மருந்து. மூலையில் இரண்டு பேர் என்னைப் பற்றித்தான் பேசினார்கள், குரலைத் தாழ்த்தாமல்.

"ஆரடாப்பா உது?"

"பெருமாளின்ரை ஆள். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கு."

"போகத்தானே வேணும். வடக்கத்தையான் எண்டைக்கும் வடக்கத்தையான்தான்."

"அவன் போனால் உன்ரை வயலை ஆர் செய்யிறது? நீயோ? வரம்பிலை நடந்தாலே உனக்குத் தலை சுத்தும்."

சிரித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு அங்கே வடக்கத்தையான் என்று பெயர். சாயத்தை முடிக்காமல் எழுந்தேன்.

பெருமாள் அண்ணன் என்னைவிட உயரம். தாத்தாவின் ஒரே புகைப்படத்தில் உள்ள அதே தாடை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு, "கோயில் எப்பிடி இருக்கு?" என்றார்.

"இருக்குண்ணே."

அண்ணி செல்லம் சிவப்பரிசிப் புட்டும் மீன் குழம்பும் வைத்தாள். குழம்பின் உறைப்பு கண்ணில் ஏறியது. அழுகிறேன் என்று நினைத்து அவளும் முந்தானையை எடுத்தாள். "அழாதையுங்கோ தம்பி. நீங்கள் வந்திட்டியள், காணும்" என்றாள். அங்கே 'காணும்' என்றால் 'போதும்'. குழம்புதான் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் என்னை ரயில் அணைக்கு மேலே கூட்டிப்போனார். தை பிறந்தும் மழை விடவில்லை. முற்றிய நெல் காற்றில் சாய்ந்து கிடந்தது. இரண்டு நாள் வெயில் வராவிட்டால் கதிரிலேயே முளைத்துவிடும் என்றார். அணையின் வடக்கே வயல். தெற்கே, கடல்நீர் ஏறி இறங்கும் வெளுத்த உவர்த்தரை. நடுவே மண் அணை, அதன்மேல் தண்டவாளம்.

"முந்தி எல்லாம் இந்த உவர்தான்" என்றார். "அணை போட்டாப் பிறகுதான் உப்புத்தண்ணி அங்காலை நிண்டுது, மழைத்தண்ணி இஞ்சாலை நிண்டுது. ரெண்டு மாரி கழுவ, மண் இனிச்சுப்போச்சு. பேந்துதான் நெல்லு."

"அணை போட்டது…"

"எங்கடை பாட்டன். உன்ரை பாட்டன்."

எங்கள் பக்கத்தில் எந்த ஊரைக் கேட்டாலும் ஆயிரம் வருஷம் சொல்வார்கள். ராஜா வந்தான், சாமி வந்தது என்பார்கள். விளாத்தியடிக்கு வந்தது எஞ்சின். எஞ்சினுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. வழி நெடுகக் கிணறு வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் உவர். ஒரு விளாமரத்தடியில் பதினோராவதோ பன்னிரண்டாவதோ வெட்டியபோது தாத்தா குழிக்குள்ளிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு மேலே பார்த்துச் சிரித்தாராம். அங்கேயே ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு எதிரே கடை, கடைக்குப் பின்னால் வயல்காரர். கிணறு இப்போதும் இருக்கிறது. நானும் ஒரு கை குடித்தேன். லேசாக இரும்பு வாசனை.

"உனக்குப் பிடிச்சுதோ?"

"நல்லாயிருக்கு" என்றேன். அது உண்மை.

திரும்பும்போது சரசு எதிரே வந்தாள். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்கிறாள். அதற்கும் இந்தக் குடியுரிமைக் காகிதம் வராமல் நிரந்தரமில்லை. அப்பா முன்னால் நடக்க, தணிந்த குரலில் சொன்னாள்: "முதல் விசாரணைக்குப் போகேக்கை இஞ்சை இருந்ததுக்கு அத்தாட்சி கேட்டவை. எங்களிட்டைக் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. உங்கடை கடித உறையிலைதான் அப்பாவின்ரை பேரும் ஊரும் முத்திரையோடை கிடந்தது. ஒன்பது வருசத்து உறை. அவர் சந்தோசமாக் கொண்டுபோய்க் குடுத்தார். அவை உறையைப் பார்க்கேல்லை. உள்ளுக்கை கிடந்ததை வாசிச்சினம்."

"சரசு, அந்த நெல்லு…"

"உங்கடை எழுத்தை எனக்கு நல்லாப் பிடிக்கும், சித்தப்பா. எண்டாலும் நாளைக்குப் பொய்யெண்டு சொல்லிப்போடுங்கோ."

அப்பாவை எட்டிப் பிடிக்க அவள் நடையை விரைவாக்கினாள்.

விசாரணை சாவகச்சேரியில். பேருந்து நிறைய வாழைக்குலையும் கோழியும். அண்ணன் வெள்ளை வேட்டி, மடித்த சால்வை. கந்தோரில் பத்து மணிக்கு வரச்சொன்ன அதிகாரி பன்னிரண்டுக்கு வந்தார். சளி பிடித்த, மரியாதையான மனிதர். மேசையில் என் ஒன்பது கடிதங்களும் கயிற்றில் கோத்துக் கிடந்தன. 'இரவல் மண்' என்ற இடத்தில் சிவப்புக் கோடு.

"இதுகளை எழுதினது நீங்களோ?"

"நான்தான்."

"இவருக்கு அங்கை நிலம் இருக்கெண்டு எழுதியிருக்கிறியள். எவ்வளவு?"

"ஒரு சாண்கூடக் கிடையாது. அப்பா காலத்துலயே வித்தாச்சு."

"வருசா வருசம் நெல் கோயிலுக்குப் போகுதெண்டு எழுதியிருக்கிறியள். தொடர்பு அறாமல் இருக்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?"

பின்னால் பெஞ்சில் அண்ணனும் சரசுவும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போகலைங்க. ஒரு வருஷமும் நான் கொண்டுபோகலை. வீட்டு அலமாரியில வச்சேன். எலி தின்னுட்டுது."

"ஒன்பது வருசமும்?"

"ஒன்பது வருஷமும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப குதிரை மூக்கை விரிச்சது?"

மூலையில் எழுத்தர் சிரித்துவிட்டார்.

"இல்லைங்க."

"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். நான் ரெண்டு தரம் வாசிச்சனான்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஆனால் பாருங்கோ, எழுதினதெல்லாம் பொய்யெண்டால் இப்ப சொல்லுறதை மட்டும் நான் என்னெண்டு நம்புறது?"

வருகிற வழியில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். இதற்கு யோசிக்கவில்லை.

அவர் அண்ணனைப் பார்த்தார். "பெருமாள், உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

அண்ணன் எழுந்தார். சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டார். "கிணறு இருக்கு, ஐயா."

"என்ன கிணறு?"

"ஸ்ரேசன் கிணறு. என்ரை பாட்டன் வெட்டினது."

"அதுக்கு உறுதி இருக்கோ?"

"தண்ணி இருக்கு."

அதிகாரி அதை எழுதவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார்.

திரும்பும் பேருந்தில் சரசு முன்னால் பெண்களோடு உட்கார்ந்தாள். ஏறும்போது என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். நான் அங்கே சொன்னது நாங்கள் பேசி வைத்திருந்த பொய் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் ஜன்னலோரம். கொடிகாமம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"உன்ரை அம்மா இருக்கேக்கை போனதோ?"

"போனதுண்ணே. ஒவ்வொரு வருஷமும் நடந்தே போனா."

வெளியே பனைகள் நனைந்து கறுத்து நின்றன.

"தனுஷ்கோடி போன அந்த மாரி" என்றார். "இஞ்சையும் அந்தப் புயல்தான். அணைக்கு மேலாலை உப்புத்தண்ணி வந்து வயல் முழுக்கச் செத்துப்போச்சு. தேடித் தேடிப் பொறுக்கினதிலை ஒரு கைப்பிடிதான் தேறினது. வீட்டிலை புதிர் பொங்கேல்லை. அந்தக் கைப்பிடியை அப்பிடியே அனுப்பினனான்."

நான் வெளியே பார்த்தேன்.

"அதுவுமோ?"

"அதுவும்ணே."

நடத்துனர் வந்தார். மூன்று பேருக்கும் அண்ணனே டிக்கெட் எடுத்தார். என் டிக்கெட்டை என் கையில் வைத்து, காற்றில் பறந்துவிடாதபடி என் விரல்களை மடித்துவிட்டார்.

பூசத்தன்று தூறல். அண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு வரம்பில் கிழக்கே பார்த்து நின்று ஒரு பிடி கதிர் அறுத்தார். சாய்ந்த பயிரின் அடிப்பக்கத்தில் வெள்ளை முளை விட்டிருந்தது. மேலே தலை நிமிர்ந்து நின்ற கதிராகத் தேடித்தான் அறுத்தார். வீட்டில் அண்ணி கையால் கசக்கி நெல்லை உதிர்த்துச் சுளகில் வைத்தாள். பக்கத்தில், எல்லா வருஷமும் போல, மஞ்சள் தோய்த்த துணி ஒன்றை மடித்து வைத்திருந்தாள்.

"அது வேண்டாம்" என்றார் அண்ணன்.

"ஏனப்பா?" என்றாள் அண்ணி.

"எல்லாத்தையும் குத்து."

அண்ணி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். துணியை எடுத்து அடுப்படிக் கொடியில் போட்டாள். உரலில் நாலு குத்து. கிடைத்த அரிசியைப் பழைய அரிசியோடு கலந்து பொங்கினாள். நான் மூன்று நாளும் மறுசோறு கேட்டுச் சாப்பிட்ட வீடு அது. அன்று கோப்பையில் போட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே கோப்பை என்றால் சாப்பாட்டுத் தட்டு.

"வடிவாச் சாப்பிடுங்கோ, தம்பி" என்றாள் அண்ணி. "ஐயனாரின்ரை பங்கும் உங்கடை கோப்பையிலைதான் கிடக்கு."

குத்திக் காட்டினாளா, உபசரித்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

ஸ்டேஷனில் என் குடை திரும்பி வந்திருந்தது, பிடியில் காகிதச் சீட்டு கட்டி. "உங்களிலும் பார்க்க இதுதான் யாழ்ப்பாணத்தை வடிவாச் சுத்திப் பார்த்தது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். பிறகு அண்ணனிடம், "இந்த முறைக் கடிதத்தையும் நான்தான் வாசிப்பன். வேறை ஒருதரிட்டையும் குடுத்துப்போடாதையும்" என்றார். அவருக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை.

சரசு என் பையை நீட்டினாள். "முடிவு வருமட்டும் கடிதம் போடாதையுங்கோ. நாங்களும் போட மாட்டம். ஒண்டு கண்டாலும் தொடர்பு இருக்கெண்டு பைலிலை சேர்த்துப்போடுவினம்." சொல்லிவிட்டு அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வண்டி வரும் சத்தம் தண்டவாளத்தில் முதலில் கேட்டது. அண்ணன் என்னைச் சரியான பக்கத்துக்கு நகர்த்தி நிறுத்தினார்.

"முடிவு வரட்டும், பேந்து எழுதலாம்" என்றார். "எழுதேக்கை, மழை பெய்தால் பெய்தது எண்டு எழுது. பெய்யாட்டில் பெய்யேல்லை எண்டு எழுது. அது காணும்."

நான் மதுரைக்குப் போகவில்லை. இராமேசுவரத்திலிருந்து நேராக ஊருக்குப் போய், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அம்மா நடந்த வழியில் நடந்தேன். இரண்டு மணி நேரம். வழி முழுக்கப் புழுதி. கையில் கொண்டுபோக எதுவும் இல்லை. கோயிலில் எதைப் பார்த்தேனோ அதை அன்றே எழுதினேன்:

"அண்ணா, கோயிலுக்குப் போனேன். கூரை இல்லை. ஏழு குதிரைகளில் ஒன்றுக்குத்தான் தலை இருக்கிறது. பூசாரி செத்து நாலு வருஷமாம். அம்மாவைத் தெரிந்த ஒரு கிழவி இருக்கிறாள். நெல் ஏன் வரவில்லை என்று கேட்டாள். மழை பெய்யவில்லை."

உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டினேன். அனுப்ப முடியாது.

அதற்குப் பிறகு இரண்டு மாசி போய்விட்டது. முடிச்சு வரவில்லை. மண்டபம் என்ற ஊரில், கப்பலில் வந்து இறங்குகிறவர்களைத் தங்கவைக்கும் முகாமுக்கு மூன்று முறை போனேன். பதிவேட்டில் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். அங்கே எத்தனையோ பெருமாள் இருக்கிறார்கள். விளாத்தியடியிலிருந்து வந்த பெருமாள் இல்லை. இல்லாததைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறினேன்.

கடிதம் அலமாரியின் மேல் தட்டில், நெல் இருந்த இடத்தில் இருக்கிறது. எலி வராதபடி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.